சேணம் ஆன்ட்டியும் என் வெள்ளை வேட்டியும்

டாலஸ் வட்டாரத்துத் தமிழர் எவரும் சேணம் ஆன்ட்டி வீட்டில் நேராகப் போய் சோபாவில் உட்கார்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. முதலில் கராஜுக்குப் போய்க் குதிரைச் சேணத்தில் உட்கார வேண்டும். காபியெல்லாம் அப்புறம்.

ஆன்ட்டி கோயம்புத்தூர்க்காரர், பல் டாக்டர். மற்றவர்கள் ரிட்டயரானால் தக்காளிச் செடி வைப்பார்கள். இவர் கௌபாய் சேணம் செய்யக் கிளம்பினார். காரணம் அங்கிள். வாராவாரம் குதிரை ஏறிய மனிதருக்கு முதுகெலும்பில் ஆபரேஷன். "ஒரே ஒரு தடவை ட்ரை பண்ணுங்க. வலிச்சா குதிரையை மறந்துடுங்க" என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அங்கிள் படுத்துக்கொண்டே குதிரை வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

சேணத்தில் வெளியே தெரியும் பளபள சீட்டுக்கு அடியில் இன்னொரு சீட் உண்டு. மரச்சட்டத்தின் மேல் தோலை அடுக்கடுக்காக ஒட்டி, உட்காருபவருக்கு ஏற்றபடி செதுக்குவார்கள். கிரவுண்ட் சீட் என்று பெயர். வலிப்பதும் வலிக்காததும் அதன் கையில்.

அங்கிளை அடிக்கடி ஏற்றி இறக்க முடியாது. அதனால் அவர் அளவுக்கு ஓர் ஆள் தேடி, ஊரையே உட்காரவைத்துச் சலித்து, ஆன்ட்டி கடைசியில் என்னைப் பிடித்தார்.

"உங்க பின்பக்கம் அப்படியே எங்க வூட்டுக்காரருது மாதிரியே இருக்குதுங்க கண்ணு."

பதினைந்து வருஷம் ஐ.டி.யில் உழைத்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

பல்லை அடைத்ததும் மேடு எங்கே என்று பார்க்க, நீலத்தாளைக் கடிக்கச் சொல்வார்களே, அதே வைத்தியம்தான். சீட்டுத் தோலில் நீலச் சாக்பொடி தூவி, வெள்ளை வேட்டியோடு என்னை ஏற்றுவார்.

"அசையாம உக்காருங்க. எந்திரிங்க. திரும்பி நில்லுங்க." வேட்டியில் ஒட்டிய நீலத்தை டார்ச் அடித்து ஆராய்ச்சி. "எடது பக்கம் மேடு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே ஆன்ட்டி!"

"உங்களுக்குத் தெரியாதுங்க கண்ணு. உங்க வேட்டிக்குத் தெரியும்."

அந்த மேட்டில் காகித கனத்துக்குச் சீவுவார். மறுபடி ஏறு. எட்டு மாதம் சனிக்கிழமைதோறும் இதே பிழைப்பு.

ஒரு சனிக்கிழமை கராஜிலிருந்து நேரே பொங்கல் விழாவுக்குப் போனேன். மேடையில் விளக்கேற்றத் திரும்பினேன். அரங்கமே சிரித்தது. என் பின்னால் தோசை அளவில் இரண்டு நீல வட்டம். முன்வரிசையில் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். "மானமே போச்சு. வேட்டியையாவது மாத்திட்டு வந்திருக்கலாம்ல?"

அடுத்த சனிக்கிழமை எனக்கும் பொறுமை போனது. "மேல தோல் போட்டு மூடத்தானே போறீங்க ஆன்ட்டி? யாரு பாக்கப் போறா?"

"பல்லுக்குள்ள அடைக்கறதையுந்தான் யாரும் பாக்க மாட்டாங்க. வலிக்குமே, கண்ணு?"

மறுபடி ஏறி உட்கார்ந்தேன்.

ஒருவழியாக மேல்தோலும் போட்டு முடித்து, சேணம் குதிரைப் பண்ணைக்குப் போனது. இருவராகத் தாங்கி அங்கிளைக் குதிரைமேல் ஏற்றினோம். ஆன்ட்டி குதிரையின் கயிற்றைப் பிடித்து நடந்தார். ஒரு சுற்று முடிந்த பிறகுதான் மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க... வலிக்குதுங்களா?"

"கயித்தை விடு" என்றார் அங்கிள். "நானே போய்க்கறேன்."

கயிற்றை விட்டுவிட்டு ஆன்ட்டி வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன். இந்த அம்மாள் கேட்டால் இன்னும் எட்டு மாதம் உட்காருவேன்.