ஆசையைப் பிடுங்கும் ஒளிநீர்

காலை ஒன்பதரைக்கே ஒளியம்மா வீட்டு வரிசை தெருமுனையைத் தொட்டுவிடும். எல்லாரும் பெண்கள். எதிரே இருக்கும் போதை மீட்பு ஆஸ்பத்திரியில் ஊசி ஏக்கத்தைத் தணிக்கும் மெத்தடோன் மருந்தைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்தபடி நேராகச் சாலையைக் கடந்து வருபவர்கள். அங்கே மருந்து, இங்கே அருள். ஊசிப் பழக்கத்தை ஒழிக்க ஒன்று போதாதாம்.

ஒளியம்மா ஒரு குவளைத் தண்ணீரை உற்றுப் பார்ப்பாள். அவ்வளவுதான், அது ஒளிநீர். குடித்த அரை மணியில் வலி போகும், ஏக்கம் போகும், கண் சொக்கும். காணிக்கை தனி.

"ஆசையைப் பிடுங்கியாச்சு. ஆஸ்பத்திரில மூச்சு விடாதீங்க, சொன்னா பலிக்காது" என்பாள்.

அந்த வரிசையில் மாட்டிக்கொண்டவள் ஒரு தையல்காரி. அவள் மகள் அக்கா வீட்டில் வளர்கிறாள். தொடர்ந்து நாலு வாரம் சிறுநீர்ச் சோதனை சுத்தமாக வந்தால்தான் பிள்ளை கைக்கு வரும். போன மூன்று வாரமும் ஊற்றிக்கொண்டது.

"அஞ்சு மாசமா ஊசியைத் தொடவே இல்ல சிஸ்டர், பிள்ளை மேல சத்தியம்!" என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா முன்னால் அழுதாள்.

நர்ஸம்மாவுக்குச் சத்தியம் வேண்டியிருக்கவில்லை. "சரி, தொடல. நம்புறேன். வேற என்னத்தைக் குடிக்கிற?"

தையல்காரி திருதிருவென்று விழித்தாள். பிள்ளை முகம் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

நர்ஸம்மா இரண்டு சோதனைப் பட்டைகளை எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு சாலையைக் கடந்தாள். ஒரு பட்டையைக் குழாய்த் தண்ணீரில் நனைத்தாள். இரண்டு கோடு.

"ரெண்டு கோடு வந்தா சுத்தம். ஒண்ணுதான் வந்தா சரக்கு இருக்குன்னு அர்த்தம்."

மற்றதை ஒளிநீரில் நனைத்தாள். வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது. ஒரே கோடு.

"இதுல அபின் சரக்கு கலந்திருக்கு. மெத்தடோனுக்கு மேல இதையும் ஊத்தினா, ஒருநாள் தூக்கத்துலயே மூச்சு நின்னுடும்."

"பட்டைக்கு நம்பிக்கை இல்ல, அதான்!" என்றாள் ஒளியம்மா. நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடவும் செய்தன, என்னத்தைச் சொல்ல!

"உங்களுக்கு நம்பிக்கை இருக்குல்ல? ஒரு குவளை குடிச்சுட்டு வாங்க, உங்களையே சோதிச்சுப் பாத்துடலாம்."

ஒளியம்மாவுக்குத் திடீரென்று தொண்டை சரியில்லாமல் போய்விட்டது. நர்ஸம்மா உள்ளே போய்ப் பார்த்தால், வாளிக்குப் பக்கத்தில் பொடித்த மாத்திரை.

"என் பொண்ணு மூணு வாரமா பையைக் கட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காடி, பாவி!" தையல்காரி வாளியை எட்டி உதைத்தாள்.

வரிசை கலைந்தது. ஒருத்தி மட்டும் நர்ஸம்மாவை ஓரமாக இழுத்தாள். "நீங்க சொல்றது ரொம்பச் சரி சிஸ்டர். கலப்படம் இல்லாத ஒளிநீர் எங்க கிடைக்கும்?"

அம்மா தாயே, அருள் வாங்கக் குனிவதற்கு மட்டுமா தலை? கொஞ்சம் யோசித்தும் பாருங்கள், தேய்ந்துவிடாது.