காலி பஸ்ஸை நிறுத்தியவர்

வரியைத் திட்டாமல் சோறு இறங்காத மனிதர்கள் உண்டு. எங்கள் தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அந்த இனத்தின் அசல் மாதிரி.

எந்த ரசீது கைக்கு வந்தாலும் அடியிலிருக்கும் வரியைத்தான் முதலில் பார்ப்பார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்ப்பார், அப்புறம் கண் பரிசோதிக்க வந்தவரை நாற்காலியில் அசையாமல் உட்காரவைத்து, ஒரு கண்ணையும் மூடிவிட்டு, "எங்கப்பா காலத்துல மாநில வரி இவ்வளவா இருந்துச்சு?" என்று ஆரம்பிப்பார். வந்தவர் எங்கே ஓடுவார்? தெருவே அவருக்கு வரிப்புலி என்று பெயர் வைத்துவிட்டது. அவருக்கு அதில் பெருமைதான்.

கடைவாசலுக்கு விளக்கு கேட்டு மனுக் கொடுத்தவர் யார்? அவர்தான். சாக்கடைக்கு மூடி கேட்டு, வந்த மூடி ஆடுகிறது என்று வேறு மூடி கேட்டவர்? அவரேதான். அதெல்லாம் செலவில்லையாம், உரிமையாம்.

ஒருநாள் அரசின் வரவுசெலவு பற்றி மக்களைக் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்க ஓர் அதிகாரி வந்தார். பொல்லாத மனிதர்.

"வரி குறையணும்னா செலவு குறையணும். எதை நிறுத்தலாம்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

கூடத்தில் முதல் ஆளாக வரிப்புலி எழுந்தார்.

"எங்க தெருவுக்குக் காலையில ஒரு அரசு பஸ் வருதுங்க. தினம் கடையிலேருந்து பாக்குறேன். ஈ காக்கா இல்லாம வருது. யார் அப்பன் வீட்டுக் காசு?"

கைதட்டல் கூரையைத் தொட்டது. அடுத்த வாரமே பஸ் நின்றுவிட்டது.

அன்று காலை அவர் மகள் வாசலில் திகைத்துப்போய் நின்றாள். மருத்துவமனையில் நர்ஸ் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. லேட்டாகப் போனால் சீட்டுக் கிழிந்துவிடும்.

"அப்பா, அந்த பஸ் கிளம்புறதே நம்ம தெருவுலேருந்துதான். முதல் ஸ்டாப்புக்குக் காலியா வராம எப்படி வரும்? அடுத்த ஸ்டாப்புல நிக்கக்கூட இடமிருக்காதுப்பா. இப்ப நான் எதுல போறது?"

மகள் பஸ்ஸில் போவது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வீண்செலவு பஸ் வேறு, மகள் போகும் பஸ் வேறு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"கை தட்டினாங்களே, அவங்களையே கொண்டுபோய் விடச் சொல்லுங்க" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

வரிப்புலி கடையைக்கூடத் திறக்காமல் அதிகாரியிடம் ஓடினார்.

"பஸ்ஸைத் திரும்ப விடுங்க, சார்."

"விடலாம். செலவு கூடும், வரியும் கொஞ்சம் கூடும். பரவாயில்லையா?"

மகளின் முகம் கண்முன் வந்தது. "கூட்டிக்குங்க" என்றார், மென்று விழுங்கி. கதவு வரை போனவர் திரும்பினார். "அப்படியே ஒரு நிழற்குடையும் போட்டீங்கன்னா…"

பஸ் வந்தது. நிழற்குடை வந்தது. வரியும் ஏறியது. இப்போது அந்த நிழற்குடையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டுதான், "எங்கப்பா காலத்துல…" என்று ஆரம்பிக்கிறார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருக்கிறதே, அது என்ன, தெருவுக்குத் தார் போடச் சொல்லும் மனுவா? நான் ஒன்றும் கேட்கவில்லை. மனுக் கொடுக்கும் வரிசை இந்தப் பக்கம். எனக்குப் பின்னால் வந்து நில்லுங்கள்.