மடிக்காமல் போன நாற்காலி

ஹால்விக், வட டகோட்டா
மார்ச் 9

எங்கள் வம்சத்திலேயே பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒரே ஆளும், என் கில்மன் அண்ணனின் ஒரே மகளுமான மார்லிஸுக்கு,

சித்தப்பா ஆர்விட் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் நாயும் என் இடது முழங்காலும் சௌக்கியம். வலது முழங்காலோடு பேச்சுவார்த்தை இல்லை. பனி இன்னும் சன்னல் விளிம்பை விட்டு இறங்கவில்லை. ஃபார்கோவில் நீயும் மாப்பிள்ளையும் நலம் என்றே நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. ஹால்விக் பள்ளி மாவட்டத்தின் வரலாற்றை ஊர்ப் புத்தகத்துக்கு நீதான் எழுதுகிறாய் என்றதும், மார்பு விரிந்து சட்டைப் பொத்தான் ஒன்று பறந்தது. நாய் அதை விழுங்கிவிட்டது. கடைசி வரியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய்: "பள்ளியை மூடச் சொல்லி விழுந்த அந்த முப்பத்தெட்டாவது ஓட்டு அப்பா போட்டதா, சித்தப்பா? அது தெரியாமல் அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்ப மனசு வரவில்லை." வருகிறேன், அதற்கும் வருகிறேன். பேரரசுகளின் கதையை முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

1909-இல் நம் பள்ளி மாவட்டம் பிறந்தது. ரோமாபுரிக்கு ஏழு குன்று. நமக்கு ஒரு மேடுகூடக் கிடையாது, அதனால் காற்று எங்கேயும் தடுக்கி விழாமல் கனடாவிலிருந்து நேரே வகுப்பறைக்குள் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தது. முதல் டீச்சரம்மா ஏறிவந்த குதிரை பாதி வழியில் மனம் மாறித் திரும்பிவிட்டது, டீச்சரம்மா திரும்பவில்லை. அந்த வருஷப் பனியில் பிள்ளைகள் புகைபோக்கி வழியாகத்தான் இறங்கினார்கள். மூக்கில் கரி இருந்தால் வந்தவன், இல்லாவிட்டால் வராதவன் என்று ஆஜர் எடுத்தாராம். 1958-இல் நம் கூடைப்பந்து அணி மாநிலப் போட்டிக்குப் போனபோது ஊரே கிளம்பியது. கடைசியாகக் கிளம்புகிறவர் விளக்கை அணைக்க வேண்டும் என்று ஏற்பாடு. அந்தப் புண்ணியவான் ஊருக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டார், கோழிகள் மூன்று நாள் விடியவில்லை என்று தூங்கின. நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். அதை எழுதாதே.

பிறகு டிராக்டர்கள் பெருத்தன. ஒரு டிராக்டர் பெருத்தபோதெல்லாம் இரண்டு குடும்பம் ஊரை விட்டுப் போயிற்று. மஞ்சள் பேருந்தை முப்பத்தோரு வருஷம் ஓட்டியவன் நான். ஆரம்பத்தில் உள்ளே பிள்ளைகள் முறைபோட்டு மூச்சு விட வேண்டியிருந்தது, கடைசியில் பதினோரு பேர். திருப்பங்களில் பேருந்து காலி டப்பா மாதிரி கடகடத்தது. பள்ளியை மூடி, நம் மாவட்டத்தைக் கலைத்துவிட்டு டர்ஸ்டன் பள்ளி மாவட்டத்தோடு சேரலாமா என்று ஓட்டெடுப்பு வைத்தார்கள். டர்ஸ்டன்! நம் கூடைப்பந்துக் கொடியைத் திருடி ஆட்டுக்குட்டிக்குப் போர்த்திய ஜாதி!

ஆறு வருஷம் முன்பு, இதே மார்ச். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம். மாட்டிறைச்சி மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் இருந்தது. இறுதித் தீர்ப்பு நாளில்கூட அது இல்லாமல் நம்மூரார் வரிசையில் நிற்கமாட்டார்கள். வந்தவர்கள் எழுபத்தைந்து பேர். மூடலாம் என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள் முப்பத்தேழு, கூடாது என்று சத்தியம் செய்தவர்கள் முப்பத்தெட்டு. ஜெயித்துவிட்டோம் என்று ரொட்டியை இரண்டாம் முறை வாங்கித் தின்றோம். எண்ணினார்கள். மூட முப்பத்தெட்டு, கூடாது முப்பத்தேழு. சத்தியம் செய்த ஒருவர் சீட்டில் மாற்றி எழுதியிருக்கிறார்.

நம் வழக்கம்போல அவரவர் நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாத்தினோம். கல்யாணமோ சாவோ, உட்கார்ந்தவன்தான் மடிக்க வேண்டும். மடிக்காமல் போகிறவனுக்கு நம்மூரில் பெண் தர யோசிப்பார்கள். கடைசியில் வெறும் தரையின் நடுவே ஒரே ஒரு நாற்காலி விரிந்தபடி நின்றது.

சமையல்கார பெர்னீஸ் கரண்டியோடு வந்தாள். "யாருப்பா இது, இப்படியே போட்டுட்டுப் போனது?"

"கில்மன்தான் உக்காந்திருந்தாரு" என்றது ஒரு குரல்.

"ஓஹோ! எண்ணுறதுக்கு முன்னாடியே நழுவிட்டாரா துரை? நிமிந்து பாக்க முகம் வேணும்ல!"

அவ்வளவுதான் விசாரணை. மறுநாளிலிருந்து தீர்ப்பு நிறைவேறியது. எதிரே வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோமே, அதை உன் அப்பாவுக்கு யாரும் தூக்கவில்லை. பகையாளிக்கும் தூக்குகிற விரல், வழிதவறிய டர்ஸ்டன்காரனுக்கும் தூக்குகிற விரல். உன் அப்பா மட்டும் ஆறு வருஷமும் எதிரே வந்த அத்தனை வண்டிக்கும் தூக்கிக்கொண்டே போனார். நான் ஒருவன்தான் பதிலுக்கு, விரல் போதாதென்று, இரண்டு கையையும் தூக்கினேன். வண்டி இரண்டு தடவை பள்ளத்தில் இறங்கியது. ஜனவரியில் அண்ணன் அடக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று உனக்கே தெரியும். நாற்காலி மடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆகவே, உன் கேள்விக்கு வருகிறேன். சீட்டில் பெயர் எழுதுவதில்லை. யார் ஓட்டு எது என்பது அந்தப் பெட்டிக்கும் கர்த்தருக்கும் மட்டுமே வெளிச்சம். புத்தகத்தில் "தெரியவில்லை" என்று போட்டுவிடு மகளே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் கர்த்தர் நீண்ட ஆயுளும், உறையாத தண்ணீர்க் குழாயும் அருளட்டும்.

அன்புள்ள சித்தப்பா,
ஆர்விட்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி கிழித்தேன். மேலே "தெரியவில்லை" என்றேனே, அதை அடித்துவிடு. அந்த ஓட்டு நான் போட்டது.

அந்த வருஷம் முதல் வகுப்பில் ஒரே குழந்தை, டெஸ்ஸா. ஒருநாள் காலை இறக்கிவிட்டதும், "மாமா, ஸீஸாவுல அந்தப் பக்கம் கொஞ்சம் உக்காருங்களேன்" என்றாள். உட்கார்ந்தேன். என் எடைதான் உனக்குத் தெரியுமே. அவள் மேலே போனாள், போனவள் இறங்கவேயில்லை. அங்கே தொங்கிக்கொண்டே கேட்டாள்: "அடுத்த வருஷமாவது என் சைஸ்ல யாராச்சும் வருவாங்களா?" அதற்கு அடுத்த வாரம் ஓட்டெடுப்பு.

இன்னொன்று. அன்று எல்லாரும் சீட்டுப் போட்டு முடித்ததும், பசு கன்று போடுகிறது என்று உன் அப்பாவுக்குப் போன் வந்தது. அவர் எழுந்து நாற்காலியைப் பார்த்தார். "நீங்க போங்கண்ணா, நான் மடிச்சு வைக்கறேன்" என்று சொன்னவன் நான். எண்ணிக்கையைக் கேட்டபின் என் நாற்காலியை மட்டும் மடித்தேன், அவருடையதை மறந்துவிட்டேன். பெர்னீஸ் கேட்டபோது மறக்கவில்லை, பேசவில்லை. அதற்குப் பிறகும் ஆறு வருஷம் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் நீ காப்பி வாங்கப் போனாய் அல்லவா, அப்போது உன் அப்பா கண்ணைத் திறந்தார். "ஏண்டா, டெஸ்ஸா டர்ஸ்டன்ல கூட்டத்தோட வெளையாடறாளா?" என்றார். ஸீஸாவில் நாங்கள் உட்கார்ந்திருந்ததை அவர் ரோட்டிலிருந்து பார்த்திருக்கிறார் மார்லிஸ். அந்த ஓட்டு என்னுடையது என்று முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. "வெளையாடறாண்ணா, வகுப்புல இருபத்திரண்டு பேரு" என்றேன்.

புத்தகத்தில் என் பெயரை முழுசாகப் போடு, பெரிய எழுத்தில்.

இருபத்திரண்டு பேர் என்றதும், "அப்ப சரி" என்றார் உன் அப்பா. போர்வைக்கு மேல் கிடந்த கையிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார், எதிரே வண்டியில் நான் வருகிற மாதிரி.