பேச்சுக்கு நான்கு மதிப்பெண்

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோயின் தீவிரத்தை அளக்கும் வினாத்தாளின் முதல் வினாவே பிழையாக இருந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அருமனைக் குமாரதாஸால் அதைப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

“உங்கள் கைகள் நடுங்குகிறதா?” என்று டாக்டர் சபிதா வாசித்தது குமாரதாஸின் மனைவி பூங்கனியிடம். குறுக்கிட்டவர் குமாரதாஸ்.

“கைகள் பன்மை. நடுங்குகின்றனவா என்று கேட்க வேண்டும்.”

டாக்டர் சேலத்துக்காரர், பொறுமைசாலி. “சரிங்க. கைகள் நடுங்குகின்றனவா?”

“வலத்தக் கை மட்டுந்தான் மக்கா,” என்றார் பூங்கனி.

“அப்படியானால் ஒருமை. நடுங்குகிறதா என்பதே சரி.”

“அதத்தானே சார் நான் முதல்ல கேட்டேன்!”

பூங்கனி சிரிக்கவில்லை. நோய் அந்த முகத்தை அசையாத கல்லாக்கி ஓராண்டாயிற்று. மடியில் கிடந்த வலக்கை மட்டும், இல்லாத ஒரு நெல்மணியை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே இருந்தது. அவருக்கு இனி என்ன மருத்துவம் என்பது அன்றைய மதிப்பீட்டைப் பொறுத்தது.

“நடக்கும்போது எப்படிம்மா இருக்கு?”

“காலு சாடுது டாக்டரே.”

“யாரைச் சாடுது?”

“சாடுதல் என்றால் கண்டித்தல்,” என்றார் குமாரதாஸ். “கால் யாரைக் கண்டிக்கும்? விரைகிறது என்று சொல்.”

பூங்கனியின் ஊர்ப்பக்கமான களியக்காவிளையைச் சேர்ந்த செவிலியர் ஷைஜா மெல்லச் சொன்னாள்: “சாடுதுன்னா முன்னால குதிச்சுப் பாயுது டாக்டர்.”

“ஆங், விரையுது,” என்றார் பூங்கனி. குரல் ஒரு படி இறங்கியிருந்தது.

“கீழ விழுந்தீங்களா?”

“நேத்து கெணத்துக்கப் பக்கம் மறிஞ்சு…”

“மறிந்து அன்று, இடறி.”

“கால் இடறிச்சா, தானாவே சாஞ்சீங்களாம்மா? அது ரொம்ப முக்கியம்.”

பூங்கனி கணவரின் முகத்தைப் பார்த்தார். எந்தச் சொல் சரி என்று அதில் எழுதியிருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

“வெளிய போறத நிறுத்திட்டீங்களா? ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு?”

“திருவிருந்துல திராட்சரசம் சிந்திச்சு. பின்ன நான் ஆரு மொகத்துல…”

“திராட்சரசம் எப்படிச் சிந்திக்கும்? சிந்திற்று!”

அதன்பின் எந்த வினாவுக்கும் பூங்கனியிடமிருந்து விடை வரவில்லை. குமாரதாஸே எழுவாய் பயனிலையுடன் விடையளித்தார். டாக்டர் எழுதி முடித்தார்.

“பேச்சு, நாலு.”

“எத்தனைக்கு?”

“நாலுக்கு.”

குமாரதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எல்லாம் நான் கொடுத்த பயிற்சி,” என்றார்.

“சார், இதுல நாலுதான் மோசம். சைபர்தான் நல்லது. ஆறு மாசத்துல பேச்சு இவ்வளவு வேகமா போச்சுன்னா, இது சாதாரண நடுக்குவாதமா இருக்காது. மாத்திரைக்கு அடங்காத வேற வகையா இருக்கலாம். திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தர்றேன், காட்டிடுங்க.”

குமாரதாஸ் மனைவி பக்கம் திரும்பினார். அந்தக் குரல் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார், நினைக்க முடியவில்லை. ஆகவே, பிழை வினாத்தாளில்தான் இருந்தாக வேண்டும்.

“பிழையான வினாவுக்குச் சரியான விடை எப்படி வரும்? கொடுங்கள், திருத்தித் தருகிறேன். முதலிலிருந்து மறுபடியும் கேளுங்கள்!”

டாக்டர் தாளோடு ஒரு சிவப்புப் பேனாவையும் நீட்டினார். “வெளிய உக்காந்து பொறுமையா திருத்துங்க சார்.”

வராந்தாவில் அவர் ஒற்று மிக வேண்டிய இடங்களில் ஒற்றிட்டார். மிகக் கூடாத இடங்களில் அடித்தார்.

தாள் முழுவதும் சிவந்தபின் உள்ளே நுழைந்தார். டாக்டர் திருவனந்தபுரத்துக் கடிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

“பேச்சு?” என்று கேட்டார் குமாரதாஸ்.

“சைபர் சார்.”

“நான் திருத்திய தாள் இல்லாமலேயா? எப்படி?”

டாக்டர் கிழித்த கடிதத்தைக் குப்பைக்கூடையில் போட்டார். ஷைஜாதான் சொன்னாள்:

“அம்மைக்க பேச்சுக்கு ஒரு சீக்கும் தீனமும் இல்ல சாரே. சாரு வெளிய இருந்த நேரம் முழுக்க வாய் ஓயாம பேசிட்டுல்லா இருந்தாவ!”

வாசகரே, இக்கதையில் சந்திப்பிழை தேடியது போதும். எழுந்து உள்ளே போம். உம் வீட்டில் இருப்பவர் ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிரும்.