பாத்திர மிஷினுக்குள் புகுந்த ராகு

செவ்வாய்க்கிழமையானால் குரும்பலூரில் அந்தத் தெருவுக்குள் நுழைய முடியாது. பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் வந்த கூட்டம் வளைந்து வளைந்து நிற்கும். எல்லோர் கையிலும் போன். போனில் ஒரு படம். சாமி படமில்லை. வீட்டு மிஷின் சிவப்பு எழுத்தில் காட்டிய எண்ணின் படம்.

ஏசியோ, பாத்திரம் கழுவும் மிஷினோ, எது எந்த எண்ணைக் காட்டினாலும் அந்தத் தெருவிலிருக்கும் 'எண்சித்தர்' செல்லதுரை அதற்கு ஒரு கிரகம் சொல்லிவிடுவார். ஈ-1 என்றால் சூரியன். ஈ-4 என்றால் ராகு. மிஷினைச் செய்த கம்பெனிக்கே தெரியாத ரகசியம்! பாவம், அவர்கள் தண்ணீர், குழாய், மோட்டார் என்று அற்ப விஷயங்களிலேயே நின்றுவிட்டார்கள்.

அரியலூர் புஷ்பவல்லி வீட்டுப் பாத்திர மிஷினில் ஈ-4 வந்தது இது இரண்டாவது முறை. முதல் முறை சித்தரே நேரில் வந்து ராகுவை ஓட்டினார். எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ராகு வெளியேறுவதைப் பார்த்தால் பார்வை போய்விடும். மந்திரம் உச்சத்துக்குப் போகும்; கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர், எண்ணைக் காணோம். அந்தத் தண்ணீர் ராகு கக்கிய விஷமாம். புஷ்பவல்லிதான் துடைத்தாள். விஷத்தில் சோப்பு வாசனை அடித்தது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

புஷ்பவல்லி முட்டாள் இல்லை. மார்க்கெட்டில் எந்தத் தராசும் அவளை ஏமாற்றியதில்லை. ஆனால் மருமகளும் மகனும் அந்த மிஷினை வாங்கி வைத்த நாளிலிருந்து, சாப்பிட்டு முடித்ததும் அவள் கை சும்மா இருந்தது. காலமெல்லாம் கரி பிடித்த சட்டியைத் தேய்த்த கை. உட்கார்ந்தால் யாரோ பின்னால் நின்று பார்ப்பதுபோல் கூச்சம். இந்தச் சுகத்துக்கு ஒரு தண்டனை வரும் என்று மனது காத்துக்கொண்டே இருந்தது. ஈ-4 வந்தபோது பயத்தோடு கொஞ்சம் நிம்மதியும் வந்தது. செல்லதுரை மிஷினைப் படித்தாரோ இல்லையோ, இந்தக் கூச்சத்தை நன்றாகப் படித்திருந்தார்.

இந்த முறை போனிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. வீட்டுப் பெண் சம்பாதிக்க வாசல் தாண்டுவது ராகுவுக்குப் பொறுக்கவில்லையாம். ஒரு மண்டலம் போகக்கூடாதாம். மருமகள் லாவண்யா வருகிற திங்கட்கிழமை ஜெயங்கொண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர வேண்டியவள்.

"அன்னிக்குச் சேரலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க அத்தை."

"நான் வேணாங்கலம்மா. ராகுல்ல வேணாங்குது."

"என்கிட்ட அது ஒண்ணும் சொல்லலையே!"

மிஷினோடு வந்த புத்தகம் மஞ்சள் பொட்டு வைத்துப் பூஜை அலமாரியில் இருந்தது. லாவண்யாதான் முதன்முதலாக அதைப் பிரித்தாள். ஈ-4: அடித்தட்டில் தண்ணீர் கசிந்து தேங்கியிருக்கிறது. எங்கே கசிகிறது என்று மிஷின் கதவைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை ராகுவை ஓட்டச் சித்தர் வந்தார். பின்னால் தெருவே வந்தது. முன்வரிசையில் எதிர்வீட்டுக் காத்தாயி.

"எல்லாரும் செவுத்தப் பாத்துத் திரும்பிக்குங்க" என்றார் சித்தர்.

"சாமி, ராகுவ ஓட்டுறது உங்க மந்திரமா, கையா?" என்று கேட்டாள் லாவண்யா.

"மந்திரந்தான் தாயே. கை வெறும் சதை."

"அப்ப கூடத்துல உக்காந்தபடியே சொல்லுங்க. எண்ணு போயிடுச்சுன்னா நான் வேலைக்கே போகல."

சித்தர் வாயைத் திறப்பதற்குள் காத்தாயி முந்திக்கொண்டாள். "ஏன், உக்காந்த எடத்துலேருந்தே ஓட்டுவாரு! குரும்பலூர்ல இருந்துக்கிட்டே ஓட்டுவாரு எங்க சாமி! நாற்காலியப் போடுங்கடி!"

ஒரு சாமியாருக்குப் பக்தையைவிட ஆபத்தானவர் கிடையாது.

சித்தர் உட்கார்ந்தார். மந்திரம் ஓதினார். வேர்த்தார். லாவண்யா சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டாள். ஈ-4. இன்னும் உரக்க ஓதினார். ஈ-4.

"நம்பிக்கையில்லாதவங்க நிக்கிற எடத்துல ராகு அசையாது."

"அப்ப நம்பிக்கையில்லாதவளே ஓட்டிப் பாக்குறேன். எல்லாரும் கண்ணத் தெறந்து வச்சுக்குங்க. போனா என் கண்ணு போகட்டும்." லாவண்யா பிளக்கைப் பிடுங்கினாள். "அத்தை, அந்தப் பக்கம் புடிங்க."

புஷ்பவல்லி தன் கையைப் பார்த்தாள். அப்புறம் மிஷினின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

இருவரும் மிஷினை முன்பக்கமாகச் சாய்த்தார்கள். லாவண்யா பஸ் கண்டக்டர் குரலில் ஓதினாள்: "வி.கைகாட்டி, ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில்! படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ!"

அடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. நிமிர்த்தி வைத்து பிளக்கை மாட்டினார்கள். எண் இல்லை. யார் கண்ணும் போகவில்லை.

"அடியில தண்ணி தேங்குனா எண்ணு வரும். சாய்ச்சா தண்ணி போயிடும், எண்ணும் போயிடும். சாமி செஞ்சது இவ்வளவுதான்." லாவண்யா கதவின் ரப்பரை ஈரத்துணியால் துடைத்துக் காட்டினாள். துணியில் கட்டி கட்டியாக மஞ்சளும் குங்குமமும். "இதுவும் நிலைவாசல் மாதிரிதான், வெள்ளிக்கெழம தவறாம பூசுங்கன்னு யாரு சொன்னது அத்தை?"

"சாமிதான்..."

"இது காஞ்சு கட்டி தட்டுனா கதவு சரியா மூடாது. தண்ணி கசியும். எண்ணு வரும். எண்ணு வந்தா சாமியும் வருவாரு."

கூட்டம் நாற்காலியைப் பார்த்தது. சித்தர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"யோவ்! கண்ண மூடச் சொல்லிட்டு இதத்தான் பண்ணுனியா?" காத்தாயி வாசல்வரை விரட்டினாள்.

புஷ்பவல்லி தரையைத் துடைக்கவில்லை. நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். கூச்சம் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது, வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

"திங்கக்கெழம எத்தனை மணிக்கும்மா பஸ்ஸு?"

லாவண்யா பதில் சொல்வதற்குள் காத்தாயி மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"பாப்பா, அந்த மந்திரத்த மெதுவா இன்னொரு தடவ சொல்லு. எங்க வூட்டு மிஷினுக்கும் ஆவும். காட்டுமன்னார்கோயிலுக்கு அப்பறம் என்ன?"

பாத்திரம் கழுவ மிஷின் வந்துவிட்டது. துணி துவைக்கவும் வந்துவிட்டது. யோசிக்கிற வேலையை மட்டும் அவரவர் தலையால்தான் செய்ய வேண்டும். செய்து பாருங்கள். கண் போய்விடாது.