படியில் ஓடும் லிஃப்ட்காரன் அக்காவுக்கு எழுதியது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், வீட்டுக்காரி, பிள்ளைகள் யாவரும் சுகம். அங்கே நீயும் மாமாவும் உன் முழங்காலும் சுகமா என்று அறிய ஆவல்.

முதலில் ஒரு உண்மையை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். என் தொப்பை கரையட்டும் என்று போன வருஷம் நீ வாங்கி அனுப்பிய ஓடுற மெஷின்மேல் இதுவரை ரெண்டே தடவைதான் ஏறியிருக்கிறேன். ஒரு தடவை பல்பு மாட்ட. இன்னொரு தடவை ஓடத்தான் ஏறினேன். ஆனால் பத்து நிமிஷம் மூச்சு வாங்க ஓடியும் எதிரே அதே சுவர், அதே காலண்டர், அதே தேதி. எங்கேயும் போய்ச் சேராத ஓட்டம் நமக்கு எதுக்குன்னு இறங்கிட்டேன். இப்ப அதுமேல போர்வை காயுது. நல்லாவே காயுது, குறை சொல்ல மாட்டேன். இதை போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா போன்ல நீ என்னை 'அக்கா'ங்கிற வார்த்தைக்கு மேல பேச விட்டதா சரித்திரமே இல்ல. கடிதம்னா உன்னால நடுவுல பேச முடியாது பாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். 'வேலை நேரத்தில் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டேன், படியில் ஓட மாட்டேன்' என்று எங்க கட்டட மேனேஜர் எழுதிக் கொடுத்து, நான் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்த காகிதம் இருக்கே, அதைத்தான் அவர் மாமாவுக்கு அனுப்பி, மாமா உன்கிட்ட கொடுத்து, நீ எனக்கே அனுப்பியிருக்கே. காகிதம் என்னைவிட அதிகமா நடந்திருக்கு. திங்கட்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடலேன்னா வேலை போயிடும், வேலை வாங்கிக் கொடுத்த மாமா மானமும் கூடவே போயிடும்னு எழுதியிருக்கே. நல்லாக் கேட்டுக்கோ அக்கா. போட மாட்டேன்.

ஏன்னு சொல்றேன். பத்தொன்பது வருஷமா ஒரு நாளைக்கு நூறு தடவை மேலே போய் நூறு தடவை கீழே வர்றவன் நான். இந்த ஊர்ல என் அளவுக்கு உயர்ந்தவன் எவனும் கிடையாது. ஆனா அத்தனையும் ஸ்டூல்ல உக்காந்தபடியே. மூணாவது மாடி எலும்பு டாக்டர் ஒரு நாள் லிஃப்ட்ல வரும்போது, "உனக்குக் கால் எதுக்குய்யா இருக்கு?"ன்னார். "செருப்பு மாட்ட சார்"ன்னேன். சிரிக்கல அந்த மனுஷன். "பிடிச்ச மாதிரி ஏதாவது செய், ஆனா தினமும் உடம்பு அசையணும். இல்லேன்னா என்கிட்ட வந்து நிப்பே, நிக்க முடிஞ்சா"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டார்.

எங்க லிஃப்ட் பழசு, கம்பிக் கதவு ரெண்டு. ஆளை உள்ளே விட்டு, வெளியே நின்னு கதவை இழுத்துச் சாத்திட்டா, அவங்களே நம்பரை அமுக்கிப் போயிடலாம். நாலாவது மாடிக்குப் போக ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும், அவ்வளவு நிதானம். அன்னிக்கு நாலாவது மாடி வக்கீல் ஆபீஸ்ல வேலை செய்யற அம்மாவை உள்ளே விட்டுச் சாத்தினேன், என்னமோ ஒரு குறும்பு, நீங்க போங்கம்மா, நான் மேலே வந்து திறக்கறேன்னு படியில ஒரே ஓட்டம். நான் போய்ச் சேர்றதுக்குள்ள அந்த அம்மா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "மெதுவா வாங்கண்ணே, ஆபீஸ் விடறதுக்குள்ள திறந்தாப் போதும்"ங்கறாங்க. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. மூணு வாரம் அக்கா, மூணே வாரம், லிஃப்ட் வந்து நிக்கும்போது நான் முன்னாடியே நின்னு கும்பிட்டு, "வாங்கம்மா, வழியில ஏதாவது வேலையா?"ன்னு கேக்கறேன். ரெண்டாவது மாடித் தையற்காரர் என் பேண்ட் இடுப்பை ரெண்டு தடவை பிடிச்சுக் கொடுத்துட்டு, "உம்மைப் பார்த்தா எனக்கே பொறாமையா இருக்குய்யா"ன்னு அவரும் ஓட ஆரம்பிச்சார். அப்புறம் அந்த அம்மா. இப்படியே ஆறு பேர். வயசானவங்க, கால் வலிக்காரங்க வந்தா நான் ஸ்டூல்ல உக்காந்து மரியாதையாக் கூட்டிட்டுப் போவேன், அதுல ஒரு குறையும் வெச்சதில்ல.

வினை வந்தது போன வாரம் புதன்கிழமை. பைகளையும் மூட்டையையும் லிஃப்ட்ல வெச்சுக் கதவைச் சாத்திட்டு, லிஃப்ட் கிடக்கட்டும், இன்னிக்கு நமக்குள்ளயே போட்டின்னு ஆறு பேரும் கிளம்பினோம். அந்த நேரம் பார்த்து கட்டட முதலாளி மேனேஜரோட நாலாவது மாடியில நின்னு பொத்தானை அமுக்கியிருக்கார். லிஃப்ட் போயிருக்கு. உள்ளே ஆள் இல்ல, ஸ்டூல்மேல தையற்காரர் கசங்காம மடிச்சு வெச்ச ஒரு கோட்டு மட்டும் கம்பீரமா உக்காந்திருக்கு. முதலாளி அதைப் பார்த்து முடிக்கறதுக்குள்ள வக்கீல் ஆபீஸ் அம்மா பின்னால திரும்பி, "தோத்தாங்குளி!"ன்னு கத்திக்கிட்டே வந்து, முன்னால திரும்பினா முதலாளி மூஞ்சி. "லிஃப்ட்காரன் எங்கே?"ன்னார். "நான்தாங்க, மூணாவதா வந்தேன்"ன்னேன்.

மேனேஜர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "எல்லாரும் படியில போனா நீ எதுக்குய்யா?"ன்னார். "முடியாதவங்களைக் கூட்டிட்டுப் போறேன், முடிஞ்சவங்களோட ஓடறேன், ரெண்டும் வேலைதான் சார்"ன்னேன். உடனே உக்காந்து இந்தக் காகிதத்தை எழுதினார்.

நீ சொல்லு அக்கா. தினமும் காலையில டீவியில யோகாவைப் படுத்துக்கிட்டே பாக்கறவ நீ, எனக்கு ஓடாதேன்னு புத்தி சொல்றே. நாப்பத்தெட்டு வயசுல சாயங்காலம் வீட்டுக்கு விசிலடிச்சுக்கிட்டு வரேன். வீட்டுக்காரி முதல்ல சந்தேகப்பட்டா, அப்புறம் ஒரு நாள் வந்து பார்த்துட்டு, "ஓடறதுதான் ஓடறே, கையை ஏன் கோழி மாதிரி வெச்சுக்கறே?"ன்னு திருத்திட்டுப் போனா. அவளே சொல்லிட்டா, போடாதேன்னு. வேலை போனா போகட்டும், இன்னொரு கட்டடம், இன்னும் ரெண்டு மாடி அதிகமா பாத்துக்கறேன். மாமாகிட்ட சொல்லிடு, அவர் மச்சான் தலை குனிஞ்சு உக்காந்திருக்க மாட்டான், நிமிர்ந்து ஓடுவான்.

மாமாவுக்கு என் கும்பிடு. பிள்ளைகள் கன்னத்தில் ஆளுக்கு ஒரு கிள்ளு. உன் முழங்கால் நீடூழி மடங்கி நிமிர வேண்டிக்கொள்ளும்,

உன் அருமைத் தம்பி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை வெள்ளிக்கிழமை எழுதினேன், தபாலில் போட மறந்துவிட்டேன். இன்று திங்கள். முதலாளி மறுபடி வருகிறார், ஒரே ஒரு நாள் உட்கார்ந்திரு என்று மேனேஜர் கெஞ்சினார். பாவமாக இருந்ததால் நாலு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன். எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. விழுந்ததில் கணுக்கால் பிசகிவிட்டது. மூன்று வாரம் ஸ்டூலை விட்டு எழக் கூடாது என்கிறார் மூன்றாவது மாடி டாக்டர். எப்படியும் எழ முடியாதே என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், பக்கத்தில் 'மூன்று வாரம் மட்டும்' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அதற்கு முன் டாக்டரிடம் காட்ட மேனேஜரே லிஃப்டை ஓட்டிக் கூட்டிப் போனார். ரெண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் கரண்ட் போய்விட்டது. நாற்பது நிமிஷம். ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது. அதில் அவர் உட்கார்ந்துகொண்டார்.