ஆறாம் நூலின் கடைசி வரி

இருபத்தொன்பது ஆண்டுகள் அயலார் வாய்க்குள் அஞ்சாது கைவிட்டவனும், கடைவாய்ப்பல் ஆயிரம் கண்டும் கலங்காதவனும், வெள்ளை அங்கியே கவசமாகவும் குறடே வாளாகவும் கொண்டவனுமாகிய பல் மருத்துவப் பெருமகனை முதற்கண் வணங்குவோம். தன் குலத்தின் கதையைத் தானே பாடத் துணிந்து, ஒரு நோயாளி வாய் கொப்பளித்து எழுந்து அடுத்தவர் வாய் திறப்பதற்குள் கிடைத்த இடைவேளைகளில் ஐந்து பெருநூல்களை முடித்த அவ்வீரன், ஆறாம் நூலின் இறுதி வாக்கியத்தின் முன்னே வில்லொடிந்து நின்ற வரலாறு இது.

அவன் பாடியவர் எவரும் கற்பனை மாந்தர் அல்லர். முதல் நூல் வந்ததும் தாய்மாமன் வாசற்படி மிதிப்பதை விட்டார். இரண்டாம் நூலில் தன் கஞ்சத்தனத்தைக் கண்ட மைத்துனன், வீங்கிய கன்னத்தோடு ஊரின் மறுகோடி மருத்துவரைத் தேடிப் போனான். மூன்றாம் நூலில் தன் குறட்டை கடலலைக்கு ஒப்பிடப்பட்டது கண்ட மனைவி, தலையணையோடு அடுத்த அறைக்குக் குடிபெயர்ந்தாள். இவையெல்லாம் விழுப்புண்களே என்று மார்தட்டினான். ஆனால் நான்காம் நூலில், தந்தை சாகக் கிடந்தபோது அக்கா வந்து எட்டிப்பார்க்கவில்லை என்று எழுதினானே, அந்த அம்பு எய்தவன் நெஞ்சிலேயே தைத்துக் கிடந்தது. அக்கா இரண்டாண்டுகள் பேசவில்லை.

ஏனெனில் அவளுக்குத் தகவல் சொல்ல வேண்டியவன் அவனே. முதல் நூலைப் படித்துவிட்டு, "ரொம்ப சுத்தி வளைச்சு எழுதுற" என்று அவள் சொன்னதைப் பொறாமல் முறுக்கிக்கொண்டு, தந்தை சாகக் கிடந்த மூன்று நாளும் அவளுக்குப் போன் செய்யாதிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பூட்டிய மருத்துவமனையில், கசங்கிய தாள்கள் களத்தில் வீழ்ந்த படையெனக் காலடியில் குவிய, அவன் அக்காவை அழைத்தான். "கடைசி வரி வரமாட்டேங்குது. கொஞ்சம் வந்து உக்காரேன்."

வந்தாள். நோயாளி நாற்காலியில், அரியணை ஏறிய பேரரசியெனச் சாய்ந்தாள்.

"எல்லார் குறையும் எழுதின. உன்னோடது ஒண்ணு பாக்கி இருக்குடா. எழுதுறியா, நான் கிளம்பட்டா?"

அப்போது, மத்தகம் பிளந்த யானையெனத் தன்மானம் பிளிற, பேனா மும்முறை எழுந்து மும்முறை தாழ, நெற்றி வியர்வை மழையெனப் பொழிய, வேர் வளைந்த பல்லைப் பிடுங்குவதுபோல் அவன் அந்த வரியைத் தன்னுள்ளிருந்து பிடுங்கித் தாளில் வைத்தான்: அக்காவுக்கு நான் சொல்லவில்லை, அதனால்தான் அவள் வரவில்லை.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"அப்பா என்னைக் கேட்டாரா?"

"கேட்டார். நீ பஸ்ல வந்துட்டிருக்கன்னு சொன்னேன். அப்புறம் வாசலையே பாத்துட்டிருந்தார்."

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் நெடுநேரம் துடைத்தாள். "அதையும் எழுதுடா."

எழுதினான். இரண்டாயிரத்து நானூறு பக்கப் பெரும்போர் அவ்விடத்தில் ஓய்ந்தது, முரசங்கள் அடங்கின, கொடிகள் தாழ்ந்தன, வானும் மண்ணும் ஒருகணம் மூச்சடக்கின.

தேநீர் போடப் பால் இல்லாததால் இருவரும் கடைக்குப் போனார்கள்.